மஞ்சள் தொட்டியும் என் அரவை மெஷினும்

அனுப்புநர்
நாஷித் அயாத்,
வீட்டுக் குப்பை எடுப்பவர், பிளாஸ்டிக் அரைப்பவர்,
முகத்தம் மலையடி, கெய்ரோ.

பெறுநர்
வட்டாரத் தலைவர் அவர்கள்,
வட்டார அலுவலகம், கெய்ரோ.

பொருள்: ஆய்வாளர் தூக்கிச் சென்ற அரவை மெஷினைத் திரும்பப் பெறுதல் மற்றும் காணாமல் போன அரசுத் தொட்டி இருக்கும் இடத்தைத் தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஷுப்ரா பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வீடாகக் குப்பை எடுத்து வருகிறேன். காலையில் கதவுக்கு வெளியே எது இருக்கிறதோ அது எனக்கு. இதுதான் காலங்காலமாக வழக்கம். யாரும் யாரையும் கேட்பதில்லை.

2. ஒருமுறை நான்காம் மாடி மதாம் நாஸ்லி வீட்டு வாசலில் நல்ல நாற்காலி ஒன்று இருந்தது. பாவம், மறந்து வைத்துவிட்டார்கள் என்று விட்டுவந்தேன். மறுநாள் அந்த அம்மாள், "கண்ணு தெரியலையா உனக்கு? வாசல்ல வெச்சா எடுத்துட்டுப் போகணும்னு ஒரு அறிவு வேணாம்?" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி திட்டினார். அன்றிலிருந்து வாசலில் எது இருந்தாலும் யோசிப்பதில்லை.

3. சென்ற மாதம் அதே கட்டடத்தின் கீழ்வீட்டு வாசலில் பெரிய மஞ்சள் தொட்டி ஒன்று இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வெளியே பச்சை எழுத்தில் "பிளாஸ்டிக்" என்று எழுதியிருந்தது. தட்டிப் பார்த்தேன், பிளாஸ்டிக்தான். எடுத்து வந்தேன். அது தங்கள் அலுவலகம் வைத்த புதுத் தொட்டி என்று சத்தியமாகத் தெரியாது.

4. வீட்டில் என் மனைவி இரினி வழக்கம்போல் தரம் பிரித்தாள். மிச்சச் சோறு பன்றிகளுக்குப் போயிற்று. காகிதமும் தகரமும் வியாபாரிகளுக்குப் போயின. தொட்டியை உடைத்து, அரைத்து, காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் அலசி, மொட்டைமாடியில் காயவைத்தோம். பக்கத்துப் பட்டறையில் உருக்கி அச்சில் ஊற்றி, துணி மாட்டும் ஹேங்கராக்கி, சந்தைக்கு அனுப்பிவிட்டார்கள்.

5. பிறகு தொட்டியைத் தேடி ஆய்வாளர் ஷாக்கிர் வந்தார். "தொட்டிய இருந்த மாதிரியே கொண்டா, மெஷின் தர்றேன்" என்று சொல்லி என் அரவை மெஷினை வண்டியில் ஏற்றிப் போய்விட்டார். அரைத்த மாவை அரிசியாக்கித் தரச் சொன்னால் நான் எங்கே போவேன் ஐயா? அரைக்காத பாட்டில்களைப் பட்டறையில் வாங்குவதில்லை. அவை ஜன்னல்வரை குவிந்து வீட்டுக்குள் வெளிச்சமே வருவதில்லை. "பல்லு இருக்கில்ல, கடிச்சுத் துண்டாக்குய்யா" என்கிறாள் இரினி. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மெஷின்தான் எங்கள் பிழைப்பு. அது திரும்பி வராவிட்டால் நாங்கள் தெருவில்தான் நிற்க வேண்டும்.

6. கடந்த வாரம் தங்களை நேரில் கண்டு முறையிட்டேன். தாங்களும் கோபமாக, "மொதல்ல தொட்டி எங்கன்னு சொல்லு, அப்புறம் பேசு" என்றீர்கள். அப்போதுதான் தங்கள் தலைக்கு மேலே பார்த்தேன். நேரில் சொல்லப் பயந்து, வணங்கிவிட்டு வந்துவிட்டேன். எனவே இப்போது எழுத்தில் தெரிவிக்கிறேன்.

7. தங்கள் நாற்காலிக்குப் பின்னால், ஆணியில், தங்கள் கோட்டு மாட்டியிருக்கும் ஹேங்கர் மஞ்சள் நிறம். அதில் பச்சைப் பொட்டுகள் உண்டு. அவை அந்தத் தொட்டியின் எழுத்துகள். நாங்கள் வேறு மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் எதையும் அரைக்கவில்லை. ஆக, அரசுச் சொத்து எங்கும் போகவில்லை ஐயா; அரசு அலுவலகத்திலேயே வேலை பார்க்கிறது.

ஆகையால் மெஷினை விடுவிக்குமாறு ஆய்வாளருக்கு உத்தரவிட வேண்டுகிறேன். அந்த ஹேங்கர் என்றாவது உடைந்தால் கதவுக்கு வெளியே வையுங்கள், போதும். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். அரைப்பதற்கு மெஷின் மட்டும் இருக்க வேண்டும்.

இடம்: கெய்ரோ
நாள்: 9.12.2018

பணிவுடன்,
(ஒப்பம்) நாஷித் அயாத்