கூலி சொல்லாத மூட்டையை இறக்காதவளுக்கு

இன்று காலை துணி மூட்டை ஒன்றைப் பிரித்தேன். வெட்டிய பனியன் துணியின் சூடும் சாய வாடையும் குப்பென்று முகத்தில் அடித்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ‘தங்கமான பொம்பள, அதிர்ந்து பேச மாட்டா’ என்றுதான் உன்னை எல்லாரும் புகழ்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீயா அதிர்ந்து பேசாதவள்?

நாம் இருவரும் பங்கு போட்டுத் தையல் யூனிட் ஆரம்பித்தபோது, நம் ஊர் மரியாதைதான் நமக்கு முதல் எதிரி. பனியன் கம்பெனி வண்டி வரும், தைக்க வேண்டிய துணி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகும். பீஸுக்கு என்ன கூலி என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்பது மரியாதைக் குறைச்சல். “பாத்துப் போட்டுக் குடுங்க” என்று கும்பிடாத குறையாக நான் சொல்வேன். அவர்களும் நன்றாகப் பார்த்துத்தான் போட்டுக்கொண்டார்கள். தைத்து முடித்த பிறகு பேச்செடுத்தால், “ஊட்டுக்காரர வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்” என்பார் கம்பெனி மேனேஜர். என் வீட்டுக்காரர் போவார், டீ குடிப்பார், எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு வருவார். பொங்கலூரில் தக்காளிக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரருக்கோ மிஷினில் ஊசி எந்தப் பக்கம் என்றே தெரியாது.

வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்றிருந்த ஏற்றுமதிக் கோட்டாவை எடுத்துவிட்டார்கள், இனி ஆர்டர் கொட்டும் என்று ஊரே துள்ளிய வருஷம் அது. நமக்கோ வரும் கூலி கட்டுப்படியாகவில்லை. இப்படியே போனால் யூனிட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்ற நிலையில் ஒரு நாள் காலை வண்டி வந்தது. நீ வாசலை மறித்துக்கொண்டு, “கூலி என்னன்னு சொன்னாத்தானுங்க மூட்டைய இறக்குவோம்” என்றாய். டிரைவர் சிரித்துவிட்டு போன் போட்டார். மேனேஜரே பைக்கில் வந்துவிட்டார்.

“ஊட்டுக்காரர் இல்லீங்களா?”

“அவரு காட்டுல தண்ணி கட்டறாருங்க. தக்காளி வெல வேணும்னா அவருகிட்டக் கேளுங்க. தையக் கூலிய எங்ககிட்டக் கேளுங்க.”

நீ கூலியைச் சொன்னாய். அவர் பதிலே பேசவில்லை. அந்த அமைதி தாங்காமல், கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நீ பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

“இந்தச் சந்துல யூனிட்டுக்கா பஞ்சம்?” என்று அவர் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். வேலைக்கு வந்த பெண்கள் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். “இத்தன பேரு பொழப்புல மண்ணப் போட்டுட்டியே புள்ள” என்று உன்னைத் திட்டினேன். நீ உள்ளே போனாய்.

மதியத்துக்குள் அதே வண்டி திரும்பி வந்தது, பின்னாலேயே மேனேஜரும். சந்தில் ஒரு யூனிட்டிலும் மூட்டை இறங்கவில்லை. முந்தின நாளே நீ ஒவ்வொரு யூனிட்டாகப் போய், கூலி சொல்லாமல் யாரும் இறக்க வேண்டாம் என்று அங்கிருந்த பெண்களிடம் பேசி வைத்திருக்கிறாய். என்னிடம் மட்டும் மூச்சு விடவில்லை. “உன்ற மூஞ்சியே காட்டிக் குடுத்துரும் புள்ள” என்று சிரித்தாய்.

கேட்ட கூலி கிடைத்தது. “பொம்பளைங்களுக்கு இவ்வளவு துணிச்சல் ஆகாதுங்க” என்று முனகிக்கொண்டே மேனேஜர் பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

“ஆகுமுங்க” என்றாய்.

இவளையா அதிர்ந்து பேசாதவள் என்கிறார்கள்? விட மாட்டேன். யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்தி இந்தக் கதையைச் சொல்கிறேன்.

சொல்லாமல் வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். அன்று காலை வண்டி மூட்டையோடு திரும்பிப் போனதும் நீ அயர்ன் மேஜைக்குப் பின்னால் நின்று, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாய். நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை.

போன வாரம் ஒரு புது மேனேஜர், நான் சொன்ன கூலியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நம் யூனிட்டுப் பெண்கள் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். தைரியமும் இல்லை ஒன்றும் இல்லை. உன்னைப் போலவே பயந்துகொண்டுதான் கேட்கிறேன். கேட்டதில் ஒரு பைசா குறைப்பதில்லை.