பச்சைக் கூரையைத் தாண்டிப் போன லாரி

சிக்கொண்டே, மலாவி
9 ஜூலை 1997, புதன்கிழமை

அன்புள்ள வில்மா அக்காவுக்கு,

கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், எல்லோரும் சுகம். மகள் தியாமிகேவுக்கு மட்டும் சளி.

திங்கட்கிழமை சாயங்காலம் உங்கள் லாரி எங்கள் பள்ளியைத் தாண்டிப் போனது. நிலக்கடலை உலர்த்திக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டதும் தியா, "வில்மாம்மா வந்துட்டாங்க!" என்று கத்திக்கொண்டே ரோட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன், இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு. லாரி நிற்கவில்லை. புழுதிதான் மிச்சம். முன் இருக்கையில் ஒரு நீலத் தொப்பி தெரிந்தது. அது யாருடையது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். போன வருஷம் அதன் கிழிசலைத் தைத்துக் கொடுத்ததே நான்தான்.

இந்த வருஷம் நீங்கள் நம்போமாவில் பள்ளிக்கூடம் கட்டுகிறீர்கள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. மாவு மில்லுக்குச் சைக்கிளில் மூட்டை ஏற்றுகிற கிரெஷாம் சொன்னார். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. நம்போமா பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும். வேண்டாம் என்கிற கல்நெஞ்சக்காரி இல்லை நான். ஆனால் மூன்று வருஷம் ஜூலைதோறும் வந்து எங்கள் ஊரில் பள்ளி கட்டியவள், என் அடுப்பில் குளிர்காய்ந்தவள், லாரியை நிறுத்தி "எஸ்னாத், இருக்கியா செத்தியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த ஊர் மாதர் சங்கத் தலைவி டோலோஃபே கிரெஷாமிடம் என்ன சொல்லி அனுப்பினாள் தெரியுமா? "வில்மாம்மா என் கைக் களிய ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. போற வழியில எஸ்னாத்கிட்டச் சொல்லிட்டுப் போ." அவள் கிண்டுகிற சோளக் களியில் கட்டி இல்லாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதை இரண்டு தடவையா? என் வயிறு எரிகிறது அக்கா, மறைப்பானேன்.

அடுத்த சனிக்கிழமை உனக்கு விமானம். அதற்குள் ஒரு நாள் வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது, போதும்.

உன் தங்கச்சி (இன்னும் தங்கச்சிதானே?)
எஸ்னாத்


நம்போமா
10 ஜூலை, வியாழக்கிழமை

அன்புள்ள எஸ்னாத்,

கடிதம் கிடைத்தது. தியாவுக்குச் சளி என்று எழுதியிருக்கிறாய், தேன் கொடுத்துப் பார்.

லாரியில் நான் தூங்கிவிட்டேன். அயோவாவிலிருந்து இரண்டு நாள் பயணம், தொப்பியை முகத்தில் கவிழ்த்ததுதான் தெரியும், கண் விழித்தபோது நம்போமா வந்துவிட்டது. எங்கே கட்டுவது என்பதை எங்கள் சபைக் கமிட்டிதான் முடிவு செய்கிறது. தேவை எங்கே அதிகமோ அங்கே போகிறோம், அவ்வளவுதான்.

இங்கே வேலை மும்முரம். இன்று ஜன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது. என் கணவர் ஹார்லனுக்கு இடுப்பு வலி, ஆனால் சாந்துக் கரண்டியைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறார். டோலோஃபே எங்களை அன்பாகக் கவனிக்கிறாள். களி நன்றாகவே இருந்தது.

உங்கள் புதுக் கட்டடத்துக்கு என் வாழ்த்துகள். பச்சைக் கூரை பளிச்சென்று இருக்கிறது. ஒரு நாள் வர முடியுமா என்று சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
வில்மா


சிக்கொண்டே
11 ஜூலை, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்கா,

முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தூங்கியவளுக்கு எங்கள் கூரை பச்சை என்று எப்படித் தெரிந்தது?

கிரெஷாம் உன்னிடம் சொல்லவில்லை, அவரிடமே கேட்டுவிட்டேன். ஆக, நீ பார்த்திருக்கிறாய். கூரையைப் பார்த்தாய், ஓடி வந்த தியாவைப் பார்த்தாய், என்னையும் பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

இத்தனை நாள் என் கோபம் டோலோஃபே மேல் இருந்தது. இப்போது அவளைக்கூட மன்னிக்கலாம் போலிருக்கிறது. நேற்று இன்னொரு சேதியும் அனுப்பினாள்: "வில்மாம்மாவே சொன்னாங்க, சிக்கொண்டேக்காரங்களுக்கு இனிமே நாங்க தேவையில்லன்னு." நீ அப்படிச் சொன்னாயா?

அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் நீ லாரியிலிருந்து குதித்து ஆடுவாய் என்று நினைத்தேன். மூன்றாம் வகுப்பு மாமரத்தடியில் ஜூலைக் குளிரில் நடுங்கிக்கொண்டு படித்ததைப் பார்த்து அழுதவள் நீதானே? இப்போது அந்தப் பிள்ளைகளுக்குக் கூரை இருக்கிறது. என் கணவர் யொஹானேயும் ஊர் ஆண்களும் செங்கல் சுட்டார்கள். பெண்கள் எப்போதும்போல் மணலும் தண்ணீரும் சுமந்தோம். தகரத்துக்காக ஊரே ஆட்டை விற்றது. இதில் உனக்கு என்ன கோபம்? தூக்கம், கமிட்டி என்று சொல்லாமல் நேராகச் சொல். மூன்று வருஷம் என் பாத்திரத்தில் சாப்பிட்டவளிடம் அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

எஸ்னாத்


நம்போமா
13 ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

எஸ்னாத்,

நேராகவே சொல்கிறேன். நான் தூங்கவில்லை. பள்ளி வளைவில் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "நிறுத்தவாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

கிறிஸ்துமஸுக்கு நீ எனக்கு நாலு பக்கம் எழுதினாய். கோழி குஞ்சு பொரித்ததை எழுதினாய், போதகரின் இருமலைக்கூட எழுதினாய். கூரை போட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை. பிப்ரவரியில் உங்கள் சபை அலுவலகத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் கமிட்டிக்கு எழுதினார்: சிக்கொண்டேயில் இரண்டாவது கட்டடம் முடிந்துவிட்டது, உங்கள் குழுவை வேறு ஊருக்கு அனுப்பலாமா என்று. அதைக் கூட்டத்தில் வாசித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அழுதேன். ஹார்லன், "நல்ல சேதிதானே, எதுக்கு அழற?" என்றார். கையிலிருந்த கரண்டியால் ஒன்று போடலாம் போலிருந்தது.

அந்தக் கட்டடத்தை நான் கட்ட ஆசைப்பட்டேன். உங்கள் மாமரத்தின் படம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வருஷம் முழுக்க ஒட்டியிருந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் அதைக் காட்டி, "அடுத்த வருஷம் இவங்களுக்கு நாம கூரை போடப் போறோம்" என்று சொல்லி வைத்திருந்தேன். நீங்கள் போட்டுவிட்டீர்கள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமைதான் வந்தது. உன் கணவர் மேல், அந்தச் செங்கல் மேல், நீங்கள் விற்ற ஆடுகள் மேல்கூட. ஐம்பத்தெட்டு வயதில் இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

டோலோஃபே தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி நாங்க என்னம்மா செய்வோம்?" என்கிறாள். களியில் கட்டிதான். ஆனால் அந்த வார்த்தைக்காக இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று வருஷத்தில் நீ ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

வில்மா


சிக்கொண்டே
15 ஜூலை, செவ்வாய்க்கிழமை

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது, அந்த ஆட்டுக்காக. மூன்றாம் தடவை, நானும் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது.

கூரையைப் பற்றி நான் மறந்துபோய் எழுதாமல் இருக்கவில்லை. வேண்டுமென்றேதான் மறைத்தேன்.

முதல் கட்டடத்தின் வாசலில் ஒரு கல் பதித்தீர்களே, உங்கள் சபையின் பெயரோடு? அது பதித்த வாரம் தியா வந்து கேட்டாள், "அம்மா, நம்ம ஸ்கூல அமெரிக்காக்காரங்கதான் கட்டுனாங்களா?" யொஹானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுட்டது அவர். நீங்கள் வந்து போகிற இரண்டு வாரத்துக்காக ஊரே மூன்று மாதம் சூளையில் கிடந்தது. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

அன்றைக்கு எனக்கு உன் மேல் வந்ததற்கும் பொறாமை என்றுதான் பேர். என் சொந்த ஊரில், என் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில். உன்னை எனக்குப் பிடிக்கும், அதனால் இன்னும் மோசமாக வந்தது. அதன் பிறகு மாதர் சங்கத்தில் நான்தான் எழுந்து சொன்னேன், "அடுத்த ஜூலைக்குள்ள ரெண்டாவத நாமளே முடிச்சிரணும். அவங்க வந்து இறங்கும்போது ஒரு செங்கல்கூட மிச்சம் இருக்கக் கூடாது." அப்படித்தான் அவசர அவசரமாக ஓடினோம். உனக்கு எழுதினால், "பொறுங்க, நாங்களும் வர்றோம்" என்று சொல்லியிருப்பாய். அதற்குத்தான் எழுதவில்லை.

"நீங்க இல்லாட்டி என்ன செய்வோம்" என்று நான் சொன்னதில்லை, உண்மைதான். சொல்லவும் மாட்டேன். நீ இல்லாவிட்டால் கூரை போடுவோம், போட்டும் விட்டோம். ஆனால் கூரை போட்ட அன்று எல்லோரும் குலவையிட்டபோது நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வேறு எந்த வார்த்தையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே உனக்கு இனி வேலை இல்லை. வேலையில்லாமல் வா. மூன்று வருஷத்தில் நீ ஒரு தடவைகூட என் வீட்டில் உட்கார்ந்ததில்லை, தெரியுமா? கையில் சிமெண்டோடு நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஓடுவாய். வெள்ளிக்கிழமை வா. சிவப்புக் கோழியைக் கட்டிப் போட்டிருக்கிறேன். அதன் இரைப்பை உனக்கு. இந்த வீட்டில் யொஹானேயைத் தவிர வேறு யாருக்கும் அது கிடைத்ததில்லை.

எஸ்னாத்


நம்போமா
17 ஜூலை, வியாழக்கிழமை

அன்புள்ள எஸ்னாத்,

வெள்ளிக்கிழமை இங்கே பிரியாவிடைக் கூட்டம். ஊர்த் தலைவர் கையில் சாவியைக் கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். டோலோஃபே எனக்காகப் பாட்டு கட்டியிருக்கிறாளாம். எப்படி விட்டுவிட்டு வருவது?

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இப்போது எனக்குத் தெம்பு இல்லை. அந்தக் கல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

கோழியை அவிழ்த்து விடு.

வில்மா


சிக்கொண்டே
20 ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

வில்மா அக்கா,

இது உன் கைக்கு வரும்போது நீ அயோவாவில் இருப்பாய்.

கோழியை அவிழ்த்து விடவில்லை. அறுத்துவிட்டேன், விருந்தாளி வந்துவிட்டார். நீ நம்போமாவில் டோலோஃபேயின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, உன் ஹார்லன் கிரெஷாமின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்து இறங்கினார். அவ்வளவு பெரிய மனுஷர், இரண்டு காலும் தரையில் தேய! ஊரே கூடிவிட்டது. கேட்டதற்கு, "அங்க பேசுறவங்க நிறைய பேர் இருந்தாங்க. ஒரு ஆள் குறைஞ்சா தெரியாது" என்றார்.

ஒரே ஒரு நாற்காலிதானே எங்களிடம், கால் ஆடுகிற நாற்காலி? உட்கார்ந்ததும் குனிந்து அடியில் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது, ஸ்குரூ டிரைவருக்கு. "அத வெளிய எடுத்தீங்க, சாப்பாடு கிடையாது" என்றேன். சிரித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மத்தியானம் முழுக்க ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். யொஹானேயும் அவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை, ஆனால் இருவருக்கும் அது பிடித்திருந்தது. இரைப்பையை ஹார்லனுக்கு வைத்தது யொஹானேதான், நான் இல்லை.

கிளம்பும்போது சொன்னார், "வில்மாவுக்குப் பயம். வேலை தீந்துட்டா, உங்களுக்கு அவ யாருன்னு." அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். உனக்காக வைத்திருந்ததை வாங்கிச் சாப்பிட்டவரிடமே கேட்டுக்கொள்.

எஸ்னாத்


அயோவா
24 ஆகஸ்ட் 1997

என் தங்கச்சி எஸ்னாத்துக்கு,

அன்று கூட்டத்தில் என் பக்கத்தில் ஹார்லனின் நாற்காலி காலியாக இருந்தது. எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, "கிணறு பாக்கப் போனேன்" என்றார். விமானத்தில் தனக்குத்தானே சிரித்தார். இடுப்பு வலிக்கு மாத்திரை போட்டிருக்கிறார், அதுதான் என்று நினைத்தேன். உன் கடிதத்தை அவர் முன்னால் போட்டபோதுதான் உண்மை வந்தது. முப்பத்தாறு வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிற மனுஷர், என் கோழியை, என் நாற்காலியில் உட்கார்ந்து தின்றிருக்கிறார். எனக்கு இப்போது டோலோஃபே மேலும் இல்லை, செங்கல் மேலும் இல்லை, இந்த ஆள் மேல்தான் எரிகிறது. நீ என்ன பதில் சொன்னாய் என்று மூன்று நாள் கெஞ்சினேன். "போய் நீயே கேட்டுக்கோ" என்கிறார்.

அந்தப் பாட்டில் என் பெயர் பன்னிரண்டு தடவை வந்தது. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். முடிந்ததும் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு நின்றேன், அவ்வளவுதான்.

புதன்கிழமை கமிட்டியில், நம்போமா பள்ளி வாசலில் எங்கள் சபையின் பெயரோடு கல் பதிக்க வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். பிறகு, அடுத்த ஜூலையில் நான் குழுவோடு வரவில்லை, தனியாகச் சிக்கொண்டேக்குப் போகிறேன் என்றேன். "அங்கதான் எல்லாம் கட்டியாச்சே, நீ போய் என்ன செய்யப் போற?" என்று கேட்டார்கள்.

"உட்காரப் போறேன்" என்றேன்.

யொஹானேயிடம் சொல், அந்த நாற்காலியை அவர் சரிசெய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, நான் தொட மாட்டேன். ஹார்லன் வீட்டிலேயே இருக்கட்டும். அதுவரைக்கும் டோலோஃபே உன் வீட்டுப் பக்கம் வந்தால், அவளைத் தரையில் உட்கார வை.

உன் அக்கா,
வில்மா