இரண்டே சின்ன வார்த்தைகள்

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. உன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் எழுதுகிறேன்.

போன மாதம் சாப்பாட்டு மேஜையில் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாயே, குழாயில் தண்ணீர் வந்தாலும் ‘ரன்’, மூக்கு ஒழுகினாலும் ‘ரன்’, கடை நடத்தினாலும் ‘ரன்’ என்று. “ஒரே வார்த்தையை வெச்சு ஊரையே ஓட்டுறாங்க பாருக்கா” என்று நீ சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நேற்று மதியம் பேக்கிங் பிரிவில் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து மேனேஜர் தேனொழுகப் பேசினார். நடுவில் ‘லெட் கோ’ என்றார். ‘லெட்’டும் தெரியும், ‘கோ’வும் தெரியும், சேர்ந்து வந்தால் என்னவென்று தெரியவில்லை. எங்களுக்குத் தமிழில் சொல்வதற்காகவே அவர் பக்கத்தில் நின்ற உன்னைக் கேட்டேன்.

“இன்னைக்கு சீக்கிரமா வீட்டுக்குப் போகலாம்னு சொல்றார்க்கா” என்றாய்.

எல்லோரும் கைதட்டினோம். ஒருத்தி, “தாங்க்யூ சார்” என்றுகூடச் சொன்னாள்.

இன்று காலை வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே, “உங்க எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்திட்டாங்கம்மா. நேத்தே சொல்லியாச்சாமே?” என்றார். பாவம், அவருக்குச் சுற்றிவளைக்கத் தெரியவில்லை.

மேனேஜருக்குப் பயந்து பொய் சொல்லியிருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் ஞாபகம் வந்தது.

நேற்று முதலில் கைதட்டியதே நீதான்.

இனி எந்த வார்த்தைக்கும் உன்னிடம் அர்த்தம் கேட்காத
அக்கா