ஐஸ் மட்டும் இருந்த பை

ஜனவரி 9

இன்றைக்கு மூன்று கடற்கரை. ஒவ்வொன்றிலும் தம்பி, "இதான்க்கா பெஸ்ட்டு" என்றான். எனக்கு மூன்றும் ஒன்றுதான்: மணல், உப்பு, முதுகில் மூட்டை. கடைசியில் தண்ணீரில் இறங்கிப் பாறையில் காலைக் கிழித்துக்கொண்டேன். தையல் போட்ட நர்ஸ், "ரெண்டு நாளைக்குக் கடல் பக்கமே போகாதீங்க" என்றார். கடற்கரை சுற்ற வந்தவளிடம் சொல்கிற பேச்சா இது?

விடுதிக்கு வந்ததும் வழக்கமான முதல் வேலை. தம்பியின் இன்சுலினைக் குளிர்ப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய், சமையலறை ஃப்ரிட்ஜில் ஓர் இடம் கேட்டுக் கெஞ்சினேன். விடுதிக்கார அம்மா மீன் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தார். எட்டு வயதில் அவனுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து இது என் இலாகா. எடுப்பது, வைப்பது, வேளைக்கு நீட்டுவது எல்லாம் நான். ஊசி குத்திக்கொள்வது மட்டும் அந்தத் துரை.

அம்மா போனில் கேட்டது ஒரே கேள்வி. "போட்டானா?" என் காலைப் பற்றி நானும் சொல்லவில்லை.

ஜனவரி 10

காலை முதல் படகில் தீவுக்குப் போய்விட்டான். சாயங்காலம் வந்துவிடுவானாம். "நீ தூங்குக்கா. குளிர்ப்பைய எடுத்துட்டேன்" என்றான். நானும் அரைத்தூக்கத்தில் "ம்" கொட்டினேன்.

எடுத்தது பையை மட்டும். பொறுப்பாக விடுதிக்கார அம்மாவிடம் பையை நீட்டி ஐஸ் கேட்டிருக்கிறான். அவரும் போட்டு மூடிக் கொடுத்திருக்கிறார். மருந்து அதே ஃப்ரிட்ஜில், மீன் தட்டுக்குப் பக்கத்தில், சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது.

தீவில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் திறந்து பார்த்தானாம். "அக்கா, பையில ஐஸ் மட்டுந்தான் இருக்கு" என்று போனில் சிரித்தான். நானும் சிரித்தேன். மதியப் படகில் கொடுத்தனுப்பினால் போயிற்று.

நொண்டிக்கொண்டு துறைக்குப் போனேன். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள்.

"படகு எப்பங்க?"

"கொடி இறங்கினா." மீசைக்காரப் படகோட்டி கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"கொடி எப்ப இறங்கும்?"

"காத்து நின்னா."

காற்று எப்போது நிற்கும் என்று கேட்காமலே நொண்டிக்கொண்டு திரும்பினேன்.

ஜனவரி 11

காற்று நிற்கவில்லை.

விடுதி மாடியிலிருந்து தீவு நன்றாகத் தெரிகிறது. தென்னை ஆடுவதுகூடத் தெரிகிறது. இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லையே.

"ஒண்ணும் சாப்பிடலக்கா. தண்ணியா குடிக்கிறேன், தாகம் அடங்கமாட்டேங்குது" என்கிறான். அங்கே மருத்துவர் கிடையாது. ஒரு சாப்பாட்டுக்கடை, நாலு குடிசை, அவ்வளவுதான். இங்கே இருக்கும் டாக்டரோ, "எவ்வளவு சீக்கிரம் முடியுமோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துடுங்க" என்கிறார். எதில் கொண்டுவருவது? என் தலையிலா? கடல் மீட்பு அலுவலகத்தில், "சொல்லிட்டீங்கல்ல, பாக்கறோம்மா" என்றார்கள். மறுபடி அடித்தால் அதே குரல், அதே பாக்கறோம்.

மீசைக்காரர் காலில் விழாத குறை. அவர் கோபப்படவில்லை. "படகுல என்கூட வர்றவன் என் தம்பிம்மா. அவன இந்தக் காத்துல கூட்டிட்டுப் போகமாட்டேன்."

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். நான் அவராக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

அம்மா: "போட்டானா?"

"போட்டான்மா."

மாலை — வாந்தி எடுக்கிறானாம். பேச்சு குழறுகிறது. சார்ஜ் வேறு போகப்போகிறது என்றான். போயே போய்விட்டது. எடுடா. எடுடா போனை. டேய், நான் என்னடா பண்ணுவேன்.

ஜனவரி 12

ஃப்ரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்தேன். திரும்ப எடுத்தேன்.

ஜனவரி 13

உயிரோடு இருக்கிறான்.

தீவின் மறுபக்கம் ஒதுங்கியிருந்த பெரிய மீன்பிடிப் படகில் அவனை ஏற்றி, வடக்கே அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். ஏற்றியது யார் என்றுகூடத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் பஸ் பிடித்து ஓடினேன். மருந்து மடியில், ஒரு டப்பா ஐஸுக்குள். ஐஸ் உருகிப் பாவாடை முழுக்க நனைந்திருந்தது.

நர்ஸ் டப்பாவைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இங்கயே இருக்கும்மா. நீங்க உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். வேறு வேலை இல்லை. அழுதேன்.

சாயங்காலம் கண் திறந்தான். "கால் எப்படிக்கா இருக்கு?" என்றான். பாவி.

ஜனவரி 17

அம்மாவுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. அழுது, திட்டி, ஓய்ந்துவிட்டாள். ஊருக்குப் பஸ் எப்போது என்று விசாரித்துக்கொண்டு வந்தேன்.

"நீ போக்கா. நான் வடக்கே மிச்ச பீச்சையும் பாத்துட்டு வர்றேன்" என்கிறான்!

கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "செத்துப் பொழச்சது போதாதாடா?"

"அதனாலதான்க்கா. பைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியல பாரு." கையை நீட்டினான். "குடு."

கொடுக்கவில்லை. அவனாக எழுந்து, ட்ரிப்ஸ் ஏற்றிய கை வீங்கியிருக்க, என் மூட்டையைப் பிரித்து மருந்து, ஊசியெல்லாம் எடுத்துக்கொண்டான். ஒவ்வொன்றாகப் பார்த்துக் குளிர்ப்பையில் அடுக்கினான். தப்பாகத்தான் அடுக்கினான். சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் இருந்தேன்.

ஜனவரி 18

காலையில் அவன் பஸ் முதலில் போயிற்று. ஜன்னல் வழியாகக் குளிர்ப்பையைத் தூக்கிக் காட்டினான்.

என் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நான் தங்கியிருந்த விடுதி அறைக்கு வந்து மூட்டையைக் கட்டினேன். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். யாரோ வைத்த தண்ணீர் பாட்டில்கள். சமையல்காரர், "என்ன வேணும்?" என்றார். ஒன்றுமில்லை என்று மூடினேன்.

பஸ்ஸில் ஏறியதும் அம்மா போன்.

"போட்டானா?"

"தெரியலம்மா" என்றேன்.