வளராத புல்

மார்ச் 9
ஊரார் வீட்டுப் புல்லை வெட்டித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. என் மனைவியோ ஆராய்ச்சிப் பண்ணையில், மரபணுவை மாற்றி, அடிக்கடி வெட்டத் தேவையில்லாத புல்லை வளர்க்கிறாள். கட்டிக்கொண்டவளே என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாள் என்றால் சிரிக்கிறாள். "வருஷத்துக்கு ரெண்டு தடவை வெட்டுங்க. மிச்ச நாள் குறட்டை விடுங்க."

மார்ச் 14
பண்ணையின் புல்வெட்டும் மெஷின் பழுது. சோதனைப் பாத்தியின் ஓரத்தை வெட்டித்தர என்னைக் கூப்பிட்டாள். கிளம்பும்போது, "மெஷினோட அடியை நல்லாக் கழுவிட்டுப் போங்க. துணுக்குத் தண்டு விழுந்தாலும் வேர் விட்டுடும்" என்றாள். சரி சரி என்றேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. மேலே மட்டும் தண்ணீர் அடித்தேன். அடியில் ஒட்டியிருப்பதை அடுத்த இடத்தில் போய்த் தட்டுவதுதான் எப்போதும் என் வழக்கம்.

மார்ச் 15
மழை. வேலை இல்லை.

ஜூன் 2
நான் வழக்கமாக வெட்டும் டீச்சர் வீட்டுப் புல்தரையின் மூலையில் பாய் அகலத்துக்கு ஒரு கரும்பச்சைத் திட்டு. மற்ற புல் கணுக்கால் வரை வளர்ந்திருக்க, அது மட்டும் அப்படியே கிடக்கிறது. "அங்க மட்டும் என்ன மருந்து போட்டீங்க? முழுசும் அதே மாதிரி பண்ணிக் குடுங்களேன்" என்றார் டீச்சர்.
நான் மெஷினைக் கவிழ்த்துத் தட்டும் இடம் அது. இது அவளுடைய பண்ணைப் புல்தான்.

ஜூன் 3
தோண்டி எடுத்துவிட்டேன். டீச்சரிடம் எலித் தொல்லை என்று ஒரு பொய்.

ஜூன் 7
பூங்காவிலும் அந்தப் புல் இருக்கிறது! அங்கேயும் தட்டியிருக்கிறேன். அதன் மேலேயே மெஷினை ஓட்டி நானே பரப்பியும் இருக்கிறேன். புத்தி கெட்டவன்.
சாப்பிடும்போது அவளாகவே ஆரம்பித்தாள். வியாழக்கிழமை அரசு ஆய்வாளர் வருகிறாராம். "பாத்தியை விட்டு எதுவும் வெளியே போகலைன்னு நான்தான் பொறுப்பேத்துச் சொல்லணும். அப்புறம் பெரிய வயல்லயே போடலாம்!" முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூன் 10
நாளைக்கு வியாழன். சொன்னால் பாத்தியை அழித்துவிடுவார்கள், அவளுடைய இத்தனை வருட உழைப்பு. சொல்லாவிட்டால்? என்றைக்காவது யாராவது கண்டுபிடித்தால் பொய் சொன்னவள் என்று அவள் தலையில்தான் விடியும். எனக்கென்ன, நான் வெறும் புல் வெட்டுகிறவன் — சே, என்னடா யோசனை இது.

ஜூன் 11
செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.
"கழுவலையா?"
"மேல மட்டும்..."
சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தாள். "வேணும்னேதானே செஞ்சீங்க?"
"ஐயோ, சத்தியமா இல்லம்மா!"
நம்பவில்லை. டப்பாவை எடுக்காமலே போய்விட்டாள். நான்தானே பிழைப்பு போச்சு, பிழைப்பு போச்சு என்று தினமும் பாடியது. எப்படி நம்புவாள்?

ஜூன் 12
ஆய்வாளரிடம் அவளே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். பாத்தியை மருந்தடித்துக் கருக்கிவிட்டார்கள். வீட்டில் பேச்சில்லை.

ஜூன் 22
பூங்காவில் அந்தப் புல்லை ஒழிக்கும் வேலையைப் பண்ணை அவளிடமே கொடுத்திருக்கிறது. கூப்பிடாமலே நானும் போனேன். அவள் மண்டியிட்டு, ஒவ்வொரு புல்லாகத் தடவிப் பார்த்து, குச்சி நட்டுக்கொண்டே போனாள். நான் பின்னாலேயே வேரோடு தோண்டி மூட்டை கட்டினேன். மத்தியானத்துக்குள் நாலு மூட்டை சேர்ந்துவிட்டது.
பெஞ்சுக்கு அடியில் ஒரு கொத்து. வெயிலும் படாமல், யாரும் தண்ணீரும் ஊற்றாமல், அப்படிச் செழித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.
"எவ்வளவு நல்லா வந்திருக்கு பாருங்க" என்றாள்.
மண்வெட்டியோடு அப்படியே நின்றேன்.
அவளே குச்சியை நட்டாள். "ம், தோண்டுங்க."