தராசின் மேல் விழுந்த பழி

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் வேலை பார்க்கும் கிடங்கில் சரக்கின் எடையைக் காட்டும் இணையப் பக்கத்தை நான்தான் எழுதினேன். எடையைக் கணக்கிடும் நிரல் வேறு மொழியில் ஆயத்தமாக வந்தது. அதைத் திறந்து பார்க்க முடியாது, என் பக்கத்திலிருந்து கூப்பிட்டு விடை வாங்கத்தான் முடியும். அது தரும் விடை முழு எண்ணா, தசமமா என்று முன்பே அறிவிக்க வேண்டும். தசமம் என்பதற்குப் பதில் முழு எண் என்று எழுதிவிட்டேன். பக்கம் பிழை என்று சொல்லாமல் கண்டபடி எடை காட்டியது.

பழி தராசு மெக்கானிக் மேல் விழுந்தது. தப்பு என்னுடையது என்று கண்டுபிடித்த பிறகும் இரண்டு நாள் எனக்கு வாய் எழவில்லை. அவரை வேலையைவிட்டு அனுப்பப் போகிறார்கள் என்றதும் சொல்லிவிட்டேன்.

"எட்டாவதோட படிப்பை நிறுத்தினாலும் தப்பைக் கண்டுபிடிச்சிட்ட. வாய்க்கு மட்டும் பூட்டா?" என்றார் மேலாளர். இருவர் வேலையும் போகவில்லை.

அடுத்த முறை நான் கூப்பிடும்போது குக்கர் விசிலடித்தால் போனை வைத்துவிடாதே, அம்மா. நான் பேசாவிட்டாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

வேலை மணி அடித்துவிட்டது.
உன் சின்னவள்