வெறும் ஆணி

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். தினமும் திரையில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். சொல்கிறேன்.

நீ அந்த ஊருக்கு வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போன உன் மகள் வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாய் மட்டும் குறையவில்லை. இவள் வக்கீலாகத்தான் போவாள் என்கிறார் மாடிவீட்டுக்காரர்.

எங்கள் அருங்காட்சியகத்துக்கு ஒரு பழைய ஐரோப்பிய ஓவியம் வந்திருக்கிறது. குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. ஓர் அறை. முக்காலியில் ஒரு சிறுமி, மடியில் ரொட்டி. சுவரில் எதுவும் மாட்டாத ஓர் ஆணி. நாம் நிற்கும் பக்கத்திலிருந்து தரையில் விழும் ஒரு பெண்ணின் நிழல். அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிறுமி சிரிக்கிறாள். ‘தாய் வீடு திரும்பும் கணம்’ என்று எழுதினேன். மேலதிகாரிக்குப் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை வாலுவையும் கூட்டிப்போனேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

“இது அவ அம்மா இல்ல சித்தி.”

ஏன் என்று கேட்டேன்.

“ஆணியைப் பாரு. அம்மா சால்வையை எடுத்துக்கிட்டு வெளிய போயிருக்காங்க. திரும்பி வந்திருந்தா மாட்டியிருப்பாங்கல்ல?”

அப்படியானால் எதற்குச் சிரிக்கிறாள் என்றேன்.

“தான் கண்டுபிடிச்சது அதுக்குத் தெரியக் கூடாதுல்ல. அதான்.”

‘அது’ என்றாள், அக்கா.

குறிப்பை நான் மாற்றவில்லை. மாற்றி என்ன எழுதுவது?

அன்று மாலை நீ கூப்பிட்டாய். வெளியே ஒரே பனி, இப்போதுதான் வேலையிலிருந்து வந்தேன் என்றாய். வாலு பல் விழுந்த இடத்தைக் காட்டிச் சிரித்தாள். அழகான சிரிப்பு. எங்கேயோ பார்த்த சிரிப்பு. உன் பின்னால் கதவு. கதவில் ஓர் ஆணி. அதில் உன் குளிர்க்கோட்டு இல்லை.

நாற்காலியில் போட்டிருப்பாய் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் சின்ன வயதில் நான் கழற்றி எறிந்ததையெல்லாம் எடுத்து மாட்டிவிட்டு, தலையில் குட்டும் வைத்தவள் நீ. மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும். பனி என்கிறாய். ஆணி வெறுமையாகவே இருக்கிறது. உன் தலையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

வேலை போய்விட்டதா? உடம்புக்கு முடியவில்லையா? எதுவானாலும் எழுது. திரையில் சொல்லாதே. உன் கையால் நாலு வரி போதும். அந்தக் கோணல் எழுத்தை வேறு யாராலும் எழுத முடியாது. முடிந்தால் நேரில் வந்துவிடு. வாலு உன் கழுத்தை முகர்ந்து பார்க்கட்டும்.

நேற்று உன்னோடு பேசி முடித்ததும் அவள் என்னையே பார்த்தாள்.

“நீயும் கண்டுபிடிச்சிட்டியா சித்தி?”

இல்லையே என்றேன்.

“அப்ப ஏன் அப்படிச் சிரிச்சே?”

எங்கே இருந்தாலும் நன்றாக இரு, அக்கா. இந்தக் கடிதம் உன் கைக்கே கிடைக்க வேண்டும்.

உன்
தங்கை